தம்பி வயலில் நல்ல மணல்

இன்று இரண்டு தண்ணீர் பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்து வயிறெரிந்தேன்.

கம்பைநல்லூர் பக்கம் ஓடையோரம் எங்கள் குடும்ப நிலம். பாகம் பிரித்தபோது மேல் வயலை நானே கேட்டு வாங்கினேன். ஓடையை ஒட்டிய கீழ் வயல், சித்தப்பா மகன் முருகேசனுக்குப் போனது. வெறும் மணல் என்று அன்று நான்தான் சொன்னேன். (என் செய்தியாளர் வாழ்க்கையில் சரியாகச் சொன்ன ஒரே செய்தி அது.)

இப்போது முருகேசன் வீடு கட்டப் போகிறான். மணல் அள்ள அனுமதி கேட்டு மனு கொடுக்கும் முன், தன் வயல் மணல் கட்டடத்துக்கு ஆகுமா என்று பார்க்க, ஓய்வு பெற்ற நிலவியல் அதிகாரி ஒருவரை அழைத்திருந்தான்.

எனக்கும் வீடு கட்டும் எண்ணம் உண்டு. என் வயல் மணலை ஒரு பாட்டிலில் அள்ளிக்கொண்டு நானும் போனேன்.

சோதனை எளிது. பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர். குலுக்கி வைத்தால் மணல் அடியில் தங்கும், வண்டல் அதன் மேல் படியும். வண்டல் குறைந்தால் நல்ல மணல்.

என் பாட்டிலில் வண்டலே இல்லை. முருகேசனைத் திரும்பிப் பார்த்தேன். (அந்தப் பார்வையை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.)

"எங்க அள்ளுனீங்க?" என்றார் அதிகாரி.

வரப்போர வாய்க்காலில், மேலாக, கையால் என்றேன்.

"அது மழைத்தண்ணி கழுவி வெச்சதுங்க. ஆளுயரம் தோண்டி அள்ளணும்."

இரண்டு வயலிலும் தோண்டினோம். மறுபடி குலுக்கி, மதியம் வரை காத்திருந்தோம். என் பாட்டிலில் பாதிக்கு வண்டல், டீ நிறத்தில். முருகேசனுடையதில் நகத்தின் தடிமன்கூட இல்லை.

"உன் வூட்டுக்கும் இதையே எடுத்துக்கலாம் வுடுண்ணா," என்றான். அதில் இன்னும் எரிந்தது.

அதிகாரி என் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இந்த மணலுதாங்க ஓடைத் தண்ணியப் புடிச்சு வெக்குது. எடுத்தா மொதல்ல எறங்கறது இந்தக் கெணறுதான்."

என் தக்காளி முழுக்க அந்தக் கிணற்றை நம்பி நிற்கிறது. எடுக்காதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முருகேசன் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடத் தொடங்கினான்.

"எம்-சாண்ட் வாங்கிக்கறேன். உன் தக்காளி காஞ்சா யாரு உங்கிட்ட பேச்சு வாங்கறது?"

மணலும் அவனிடம். என் தண்ணீரும் அவன் தயவில். இப்போது நல்ல பெயரும் அவனுக்கே.

குழி மூட நானும் கைகொடுத்தேன். நன்றி மட்டும் சொல்லவில்லை.

பொறாமை அடங்கும் முன்பே நன்றி சொன்ன அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

(முருகேசன் ஃபேஸ்புக்கில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.)