நான்கு சட்டைகள்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், எனக்குப் பார்த்திருந்த கனடா மாப்பிள்ளை என்னையும் அக்காவையும் மாத்தளைப் பக்கம் இருக்கும் அலுவிகாரைப் புத்த கோயிலுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் நெடுநாள் பழகியவர்கள் என்று விசாவுக்குக் காட்டப் படங்கள் வேண்டுமாம். அவர் பையில் நான்கு சட்டைகள் இருந்தன. ஒவ்வொரு படமும் வேறு வேறு நாளில் எடுத்ததுபோல் தெரிய, என்னையும் நான்கு சேலைகள் எடுத்துவரச் சொல்லியிருந்தார். பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு வந்தேன். எங்கே நிற்பது, எந்தப் படத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் சேலையோடு வந்தபோது என் கையைப் பார்த்தார்.

"வளையலையும் மாத்திட்டு வாங்க. போன தடவை அதுலதான் மாட்டிக்கிட்டோம்."

படம் எடுத்துக்கொண்டிருந்த அக்கா போனைத் தாழ்த்தினாள். நான் வளையலைக் கழற்றவில்லை.

"போன தடவை வளையல் போட்டிருந்தது யாருங்க?" என்று கேட்டேன்.