பாதைக்கு ஒரு பலகை

ஒரகடம் அருகே, எப்போதோ மூடிய ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்த தடம். துருப்பிடித்துக் கிடக்கும் அதை நடைப்பயிற்சிப் பாதையாக்கச் சென்னையிலிருந்து தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர் ஆறு கார்களில் வந்திருக்கிறோம். மற்றவர்கள் சீமைக்கருவேலத்தை வெட்டுகிறார்கள். முள் வெட்ட வெள்ளை பேண்ட் போட்டு வந்தவன் நான் ஒருவன்தான். அரிவாளைப் பிடித்த ஐந்தாவது நிமிடமே கை கொப்புளித்துவிட்டதால், போர்டு எழுதச் சொல்லி ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். 'அனுமதி நேரம்: காலை 6 முதல் 9 வரை' என்று எழுதி முடித்து, என் கையெழுத்தை நானே ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் தண்டவாளத்தின் நடுவே நடந்து வருகிறார். நாங்கள் வெட்டிப் போட்ட முள்ளை சேஃப்டி ஷூவால் ஒதுக்குகிறார்.

“இன்னா சார் பண்றீங்க?”

“எல்லாரும் நடக்கறதுக்குப் பாதை போடறோம்மா.”

“நாங்க தெனம் இதுலதான் நடந்துகினு கீறோம்.” கார்களைப் பார்க்கிறார். “நடக்கறதுக்கா கார்ல வந்தீங்க?”

சிரித்து வைக்கிறேன். வேறென்ன செய்ய?

“கேட்டு கீட்டு போட்டுப் பூட்டிட மாட்டீங்களே? ரோட்டு மேல சுத்திக்கினு போனா லாரிக்காரன் ஏத்திடுவான் சார்.”

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா” என்றபடி போர்டைத் தொடையோடு சேர்த்து மறைக்கிறேன். பெயிண்ட் காயவில்லை என்பது அப்புறம்தான் உறைக்கிறது.

அவர் தலையைச் சாய்த்து, என் பேண்ட்டில் இடவலம் மாறிப் பதிந்திருப்பதை நிதானமாகப் படிக்கிறார்.

“எனக்கு ஷிப்ட் முடியறதே ரெண்டரைக்கு சார்.”