காது போனது பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?

போன மாதம் ஒரு காலை ஷிப்ட். நிலக்கரி மைன்ஸில், கன்வேயர் பெல்ட்டின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. வழக்கம்போல வலது காதில் வைத்துக் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருந்தது. 'ரிபீட்' என்றேன். மறுபடியும் முனகல். மறுபடியும் 'ரிபீட்'.

இடது காதுக்கு மாற்றியபோதுதான் புரிந்தது — பெல்ட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். ரோலர் மாற்ற ஆட்கள் இறங்கப் போகிறார்கள்.

நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த கலியமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். குறிஞ்சிப்பாடிக்காரர். எங்கள் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் தொழிலாளி. 'அடுத்த வருஷம் பர்மனென்ட்' என்று வருடாவருடம் சொல்லப்படுபவர். அதனாலோ என்னவோ, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இரண்டாகத்தான் பிரிப்பார்.

"இன்னாங்கண்ணே, ரெண்டு வாட்டி கேட்டுகினே இருந்தீங்க... காது போனது பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர்களுக்குக் காது மெல்லமெல்ல மந்தமாவது புதிதில்லை. அப்படிப் போனது திரும்பி வராது. எனக்கோ அடுத்த வாரம் மெடிக்கல். ஹெட்போனை மாட்டி, சின்னச் சின்ன சத்தங்களைக் கேட்கவைத்து சோதிப்பார்கள். தேறாவிட்டால் கன்ட்ரோல் ரூம் கிடையாது, ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். ஸ்டோர்ஸ் ஒன்றும் மட்டமான இடமில்லை. ஆனால், அந்தப் பெரிய பெல்ட் என் கைக்குக் கட்டுப்பட்டு ஓடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வேறென்ன சொல்ல?

இதில் ஓர் அநியாயம் இருப்பதாகவும் பட்டது. ஷிப்டுக்கு ஷிப்ட் ஒழுங்காக, சத்தத்தைத் தடுக்கும் இயர் பிளக் போடுகிறவன் நான். கலியமூர்த்தி அதைக் கழுத்தில் மாலையாகத்தான் போட்டிருப்பார். குளித்து முடித்ததும் தினமும் இரண்டு காதிலும் பட்ஸ் போட்டுத் துடைக்கிறவனும் நான்தான். இவ்வளவு செய்த எனக்கா?

யோசனைகள் வந்து குவிந்தன. என் மனைவி சாந்தி தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றலாம் என்றாள். கலியமூர்த்தி தனக்குத் தெரிந்த ஓர் ஆளைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் ஊசியும் பஞ்சுமாக உட்கார்ந்திருப்பாராம். எடுத்த அழுக்கை உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டுவாராம். இன்னொரு நண்பர் மெடிக்கல் ஷாப்பில் நுரைக்கிற மருந்து கேட்டு வாங்கச் சொன்னார்.

எதற்கும் தைரியம் வரவில்லை. கடலூருக்கு பஸ் ஏறி ஒரு ஈ.என்.டி. டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

டார்ச் வைத்துப் பார்த்தார். "பட்ஸ் போடுவீங்களா?"

"தினமும், மேடம்" என்றேன். பெருமையாகத்தான்.

"நீங்க சுத்தம் பண்ணலை சார். உள்ளே தள்ளித் தள்ளி, இடிச்சு கெட்டியாக்கி வச்சிருக்கீங்க."

காது தன் அழுக்கைத் தானே வெளியே தள்ளிவிடுமாம். நான்தான் ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். போதாததற்கு, இயர் பிளக்கும் அதை உள்ளே அழுத்தியிருக்கிறது.

எடுப்பதற்கு மூன்று வழிகள் உண்டு என்றார். சிலருக்குச் சொட்டு மருந்தில் சில நாள் ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். சிலருக்கு மெல்லிய கொக்கியால் எடுக்கலாம். சிலருக்கு சக்‌ஷன் — சின்னக் குழாயால் உறிஞ்சி எடுப்பது. "சின்ன வயசுல காதுல சீழ் வந்திருக்கா?" என்று கேட்டார். வந்திருக்கிறது, பள்ளி நாட்களில். அப்படியானால் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் இருக்கலாம். அடைப்பை எடுக்காமல் அது தெரியாது. எனவே தண்ணீர் வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம், சக்‌ஷன்தான் என்றார்.

சாந்தியின் எண்ணெயை நினைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் ஊசியையும்.

"கொஞ்சம் சத்தமா இருக்கும், பயந்துடாதீங்க."

"நான் மைன்ஸ்ல வேலை பாக்கிறேன் மேடம்."

சொல்லியிருக்கக் கூடாது. அந்த சக்‌ஷன் காதுக்குள்ளேயே ஓடும்போது, மைன்ஸ் சத்தம் எவ்வளவோ தேவலை! லேசாகத் தலை சுற்றியது. வலி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன உருண்டையை டிரேயில் வைத்துக் காட்டினார். பழுப்பும் கறுப்புமாக... எங்கள் ஊர் நிலக்கரியின் அதே நிறம். இத்தனை வருடம் வெளியே தோண்டியவனின் காதுக்குள்ளேயே ஒரு சுரங்கம்.

செவிப்பறையைப் பார்த்தார். ஓட்டை ஆறியிருந்தது. பட்ஸை விட்டுவிடச் சொன்னார். இயர் பிளக்கை விடக் கூடாது. வேண்டுமானால் காதை மூடுகிற மஃப் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுபடி அடைத்தால் நானாக எதையும் ஊற்றாமல் வர வேண்டும்.

மெஷின் சத்தத்தால் ஏதாவது போயிருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை. அதை மெடிக்கல் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் ஃபேன் முனகுவது கேட்டது. சமையலறையிலிருந்து சாந்தி, "தினமும் பட்ஸ் போட்டுத் துடைக்கிறவருக்குக் காதுல அழுக்காம்" என்று முணுமுணுப்பதும் கேட்டது. "கேக்குது" என்றேன். உடனே பாத்திரச் சத்தம் கூடியது.

மெடிக்கலில் ஹெட்போன் மாட்டினார்கள். எறும்பு நடப்பது போன்ற சத்தத்துக்கெல்லாம் பட்டனை அழுத்தினேன். தேறிவிட்டேன். நாற்காலி என்னுடையதுதான்.

யோசித்துப் பார்த்தால், உடம்பில் பல உறுப்புகள் நம் மேற்பார்வை இல்லாமலே ஒழுங்காக வேலை செய்கின்றன. நாம் சூப்பர்வைசராகப் போய் நின்றால்தான் வேலை கெடுகிறது.

கலியமூர்த்தி கன்ட்ரோல் ரூம் வாசலிலேயே காத்திருந்தார். "கான்ட்ராக்ட்தான்பா" என்றேன். "வெறும் அழுக்கு. எடுத்தாச்சு, போயிடுச்சு."

"எங்கங்க போவும்? கான்ட்ராக்ட்டுன்னு சாதாரணமா சொல்றீங்க. வருஷா வருஷம் திரும்ப வந்துகினேதான் இருக்கும்... நான் வரல?"

வலது பக்கம் நின்றுதான் சொன்னார். ரிபீட் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.