பூனைக்கு வைச்ச சோசர்

நான் கலியாணம் முடிச்சு ஊரில இருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்த முதல் வருஷம், பகலில என்னோட இருந்த ஒரே சீவன் ஒரு பூனைதான். பகிடிக்குச் சொல்லேல்லை. இவர் காலமை வேலைக்கு, கோட்டைக் கந்தோருக்கு ரயிலேறினால் பொழுதுபடத்தான் வருவார். வந்தாலும் என்ன, பேப்பரை விரிச்சுப் பிடிச்சிருப்பார். அதுக்குப் பின்னால ஒரு புருஷன் இருக்கிறார் எண்டு நான் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கெட்ட மனுசன் இல்லை, கதைக்கத் தெரியாத மனுசன். எனக்குச் சிங்களமும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. கடற்கரைக்கு இறங்கிற ஒரு ஒழுங்கையில், பெரிய வீடொண்டை நடுவால மறிச்சு வாடகைக்கு விட்ட பாதியில் நாங்கள் இருந்தம். தபால்காரன் பக்கத்து வீட்டுக்கு மணியடிச்சாலும் நான் ஓடிப்போய் வாசலில நிப்பன். வெக்கக்கேடு.

பூனை குசினி யன்னலால வந்தது. சாம்பல் நிறத்தில வரி, ஒரு காது கிழிஞ்ச பெட்டைப் பூனை. வந்த அண்டைக்கே அதோட வாய் திறந்து கதைக்கத் துவங்கிவிட்டன். என்ர குரலே எனக்குப் புதினமாக் கேட்டுது. இதுவும் என்னை விட்டுட்டுப் போயிடுமோ எண்ட பயம் அப்பவே பிடிச்சுக்கொண்டுது. சாப்பாடு வைச்சு மடக்கப் பாத்தன். உலகச் சண்டைக் காலம், அரிசி கூப்பனுக்கு அளந்துதான் கிடைக்கும். இவர் கண்டால் ஏசுவார் எண்டு என்ர பங்கில இருந்து எடுத்து, பருப்பும் ஒரு சொட்டுப் பாலும் விட்டுப் பிசைஞ்சு சிரட்டையில வைச்சன். ஊரில பூனைக்குச் சிரட்டைதானே. அது மணந்து பாத்துது, முன்னங்காலை உள்ள விட்டுச் சோத்தைத் தோண்டி நிலத்தில போட்டுது, ரெண்டு வாய் நக்கிச்சுது, எழும்பிப் போயிட்டுது.

எனக்கு வந்த கோவத்தைக் கேக்கக்கூடாது. "உனக்கென்ன, வெள்ளைக்காரன் வீட்டில பிறந்தனியோ?" எண்டு பேசினன். பிறகு வெறும் பால்டின்னில வைச்சன். மூக்கைக்கூட உள்ளே விடேல்லை. அலுமினியக் கிண்ணத்தில வைச்சன். நக்க நக்க அது வழுக்கிக்கொண்டு குசினி முழுக்க ஓடிச்சுது. பூனை பின்னால போச்சுது, நான் பூனைக்குப் பின்னால போனன். கிண்ணம் சுவரில அடிபட்ட சத்தத்தோட அது யன்னலால பாஞ்சு போனதுதான், ரெண்டு நாள் வரேல்லை. ஒரு பூனைக்காக அந்த ரெண்டு நாளும் நான் அழுதன். பூனைக்காக மட்டும்தான் அழுதனோ எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது.

மூண்டாம் நாள் பின் மதிலுக்கு மேலால ஒரு முகம் தெரிஞ்சுது. தலையில முக்காடு, கக்கத்தில என்ர பூனை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. புறக்கோட்டையில புடவைக் கடை வைச்சிருந்தவரின்ர மனிசி. என்னை விடப் பத்து வயது கூட இருக்கும். என்ன வைச்சனான், எதில வைச்சனான் எண்டு எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிச்சா.

"மீச முட்டுற ஏனத்துல பூன திங்காது, தங்கச்சி. தட்டையா ஒண்டு வெச்சிப் பாருங்க."

பூனைக்கு மீசையிலதான் உசிர் எண்டு அவ சொன்னா. தண்ணியைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில வைச்சால் குடிக்காதாம். ஆக்கள் நடமாடுற வழியில வைச்சால் பயந்து பயந்துதான் தின்னுமாம். முதுகுக்குப் பின்னால ஒரு சுவர் இருக்க வேணுமாம். ஒரேயடியா வயிறு முட்டத் தின்னிற சாதி இல்லை, கொஞ்சம் கொஞ்சமா நாளுக்குப் பத்துத் தரம் வரும், அதுக்கு ஏசக்கூடாதாம். எல்லாத்துக்கும் மேல, பருப்பைக் குடுத்துப் பூனையைச் சைவமாக்கேலாது எண்டா. அண்டையில இருந்து அவிச்ச மீனை வாழையிலையில சுத்தி மதிலுக்கு மேல வைப்பா. நாங்கள் மச்சம் தொடாத சைவக்காரர்; நான் நுனி விரலால எடுத்து, கிணத்தடியில வைச்சுப் பூனைக்குக் குடுத்துப்போட்டுக் கை கழுவுவன். இவருக்குச் சொல்லேல்லை.

பிறகு அவவே பின் படலையால வரத் துவங்கினா. மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கு அனுப்பிப்போட்டு வந்து குசினிப் படியில இருப்பா. ராத்தா எண்டு கூப்பிடச் சொன்னா. அக்காவை அவையள் அப்பிடித்தான் கூப்பிடுறதாம். மரக்கறிக்காரனோட பேரம் பேசிறதுக்கு எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தா, நான் சொல்லிற வடிவைப் பாத்துக் கண்ணில தண்ணி வரச் சிரிச்சா. வெள்ளவத்தைக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரிச்சது அவவோடதான். காலமை இவர் படலை தாண்டினவுடனே ராத்தா எப்ப வருவா எண்டு பாக்கத் துவங்கிவிடுவன். அவ வராத வெள்ளிக்கிழமைகள் எனக்குப் பிடிக்காது.

இனித்தான் வெக்கத்தை விட்டுச் சொல்ல வேணும். எங்கட வீட்டில நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறது பித்தளைப் பேணியில. என்ர மாமி ஊரில இருந்து சாமான் கட்டேக்கை ஒரு பீங்கான் கோப்பையும், அதுக்குக் கீழே வைக்கிற சோசரும் தனியாச் சுத்தித் தந்தவ. கொழும்பில கண்ட சனமும் வரும், பிறத்தியாருக்கு இதில குடு, மற்ற ஏனங்களோட சேர்க்காதை எண்டு சொல்லி விட்டவ. ஊரில எல்லா வீட்டிலயும் உள்ள வழக்கம். நான் ராத்தாவுக்கு அதிலதான் குடுத்தனான். குடிச்ச பிறகு சாம்பல் போட்டுக் கழுவி, வெளி யன்னல் கட்டில வைப்பன். அதில ஒரு பிழை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. பீங்கானில குடுக்கிறது மரியாதை எண்டுகூட நினைச்சிருந்தன். எனக்கு மட்டும்தான் தெரியாது.

பூனைக்குத் தட்டையா ஒரு ஏனம் வேணும் எண்டதும் வீடு முழுக்கத் தேடினனான். எங்கட பித்தளைத் தட்டுகளில மீன் மச்சம் படக்கூடாது. மச்சம் பட்டாலும் பரவாயில்லை எண்டு இருந்தது அந்தச் சோசர் ஒண்டுதான். மீனை உதிர்த்து அதில பரப்பி, கிணத்தடிச் சுவரோரம் வைச்சன். ஐயோ, சும்மா சொல்லக்கூடாது, அது தின்ன வடிவு! தலையை நிமித்தாமல், மீசை ஒரு இடமும் முட்டாமல், கடைசித் துணிக்கை வரைக்கும் நக்கி முடிச்சுது. எனக்குப் பிள்ளை சாப்பிட்ட மாதிரி இருந்தது. சோசரைக் கழுவி யன்னல் கட்டில வைச்சன். ராத்தா வரத் துவங்கின பிறகு, பின்னேரத்தில அதையே அவவின்ர கோப்பைக்குக் கீழேயும் வைச்சன். இப்பிடி ஒரு மாசம் நடந்துது. என்ர மரமண்டையில ஒண்டும் ஏறேல்லை.

ஒருநாள் அவ வழக்கத்தை விட வெள்ளெனவே வந்திட்டா. பூனை தின்னுகொண்டு நிண்டது. நான் சந்தோசப் புளுகத்தில, "பாருங்கோ ராத்தா, நீங்கள் சொன்ன மாதிரியே" எண்டு காட்டினன். அவ பாத்தா. பூனை முடிச்சவுடனே நான் சோசரை எடுத்துக் கழுவி, தேத்தண்ணி ஊத்தி, கோப்பையை அதுக்கு மேல வைச்சு அவவிட்டை நீட்டினன். கை தன்ர பாட்டில செய்துது.

அவ வாங்கி மடியில வைச்சுக்கொண்டு கோப்பையைத் தூக்கி, கீழே இருந்த சோசரைப் பாத்தா.

"எங்கட ஊட்டுல பூன எங்கட பீங்கான்லயும் வாய வெக்கும். அது குத்தமில்ல. நீங்க இதுல குடிப்பீங்களா, தங்கச்சி?"

ஓம் எண்டு சொல்லி, வாங்கி ஒரு மிடறு குடிச்சிருந்தால் முடிஞ்சுது. நான் அதைச் செய்யேல்லை. கழுவின கையைச் சீலைத் தலைப்பில திரும்பவும் துடைச்சன். அவ தேத்தண்ணியை ஆறுதலாக் குடிச்சு முடிச்சா. கோப்பையைப் படியில வைச்சிட்டு, வேலை கிடக்கு எண்டு சொல்லி எழும்பிப் போனா.

பிறகு பின் படலை திறபடேல்லை. மீன் மட்டும் நிக்கேல்லை. காலமையில இலைச் சுத்தல் மதிலில இருக்கும், வைச்ச ஆளைக் காணக்கிடைக்காது. என்னை ஏசிப்போட்டு அதையும் நிப்பாட்டியிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும். இவருக்குச் சொன்னன். பேப்பரை ஒரு விரல்கடை இறக்கி, அவையள் அதைப் பெரிசா எடுக்கமாட்டினம் எண்டார், திரும்ப ஏத்திவிட்டார். பகல் பழையபடி நீண்டுபோச்சுது. பூனையோட கதைச்சுப் பாத்தன். முந்தின மாதிரிக் கதை வரேல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டே நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு ஆறவிட்டன்.

கடைசியில ஒருநாள் முழுகி, நல்ல சீலை உடுத்து, முன் றோட்டால சுத்திப் போய் அவவின்ர வாசல் கதவைத் தட்டினன். அண்டைக்கு மத்தியானம் நான் வேணுமெண்டே சாப்பிடேல்லை. என்ன தந்தாலும், எதில தந்தாலும், மீனெண்டாலும் சாப்பிடுறது எண்டு நேர்த்தி வைச்ச மாதிரிப் போனன்.

அவ கதவைத் திறந்து, வாங்க வாங்க எண்டு சிரிச்ச முகமா ஹோலுக்குள்ள கூட்டிக்கொண்டு போய் நல்ல கதிரையில இருத்தினா. உள்ளே இருந்து ஏலக்காய் போட்ட தேத்தண்ணி மணம் வந்தது. போயிட்டு ஒரு தட்டத்தோட வந்தா. அதில உரிக்காத வாழைப்பழம் ரெண்டு, உடைக்காத சோடாப் போத்தல் ஒண்டு.

"குடிங்க. கடையில அடச்ச சோடா. எங்கட கை படல்ல."

முகத்தில ஒரு துளி கோவமில்லை. எங்கட ஆக்கள் தங்கட கை பட்டதைச் சாப்பிடமாட்டினம் எண்டு தெரிஞ்சு, ஆர் போனாலும் அவையளின்ர வீட்டில இப்பிடித்தான் உபசரிப்பினம். அந்த மரியாதையை எனக்கும் செய்தா.

"எனக்குத் தேத்தண்ணி தாங்கோ, ராத்தா."

"தேத்தண்ணி இரிக்கி," எண்டா. "உங்கட ஏனம் இங்க இல்லையே."

நான் ஒரு பழத்தை உரிச்சுச் சாப்பிட்டன். பூனை எப்பிடி எண்டு அவ விசாரிச்சா. நல்லாச் சாப்பிடுது எண்டு சொன்னன்.