பம்புக்கு வைத்த பூ

என் கணவருக்குக் காதல் வந்தது ஐம்பத்தாறாவது வயதில். பச்சை நிறம், அவரைவிட இரண்டு வயது மூப்பு, காலையில் கிளப்பினால் பாதி ஊர் எழும்பும். டோர்ட்மண்டிலிருந்து அரை மணி நேரம் தள்ளி நாங்கள் இருக்கும் கிராமத்தில், ஒரு விவசாயியிடம் தோட்டத்துக்கென்று ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுக்கப் போனவர், அவருடைய கொட்டிலில் கிடந்த பழைய டிராக்டரையும் சேர்த்து வாங்கிவிட்டு வந்தார். கொஞ்சம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பூசணியும் போட ஒரு மண்வெட்டி போதாதா என்று கேட்டேன். "மண்வெட்டியாலை ஏலாது" என்றார். மண்வெட்டியைத் தொட்டே பார்க்காத மனிதர் எப்படி அதைக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வருடங்கள் அது வார இறுதிக் காதலாக இருந்தது. போன வசந்த காலத்தில் அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள். முப்பது வருடங்களாக அங்கே கடைசல் இயந்திரத்தில் நின்றவர், மூடிய அடுத்த திங்கட்கிழமையும் ஐந்தரைக்கு எழும்பி, பாணுக்கு வெண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு டிராக்டர் நிற்கும் கொட்டிலுக்குப் போய்விட்டார். பன்னிரண்டரைக்கு மதிய இடைவேளை. மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வருவார். மேலாளர் இல்லாத குறை ஒன்றுதான்.

வந்தால் டிராக்டரின் செய்தி சொல்வார். இன்றைக்கு எண்ணெய் குடித்தது, இன்றைக்குப் புகை குறைவு, டயருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. என் பிரஷர் குளிசை முடிந்து நான்கு நாட்களாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. டிராக்டரின் எண்ணெய் அழுத்தம் மட்டும் மனப்பாடம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் அதனோடு தமிழில் கதைத்துக்கொண்டிருப்பதைக் கேட்டேன். ஜெர்மனியில் செய்த வண்டிக்குத் தமிழ் விளங்குமா என்று கேட்டதற்கு, "உம்மடை பிள்ளையளைவிட விளங்கும்" என்றார்.

செப்டெம்பரில் அதற்கு நோய் வந்தது. கலப்பையை மேலே தூக்கிப் பிடிக்கும் பின்பக்கத்து இரண்டு இரும்புக் கைகளும் காலையில் தூக்கின; அரை மணி நேரம் ஓடி எண்ணெய் சூடானதும் தொங்கிவிட்டன. அந்தக் கைகளை எண்ணெயின் அழுத்தம்தான் தூக்குகிறதாம். அழுத்தத்தைக் கொடுப்பது எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தேங்காய் அளவு ஹைட்ரோலிக் பம்ப். அதற்குள் இருக்கும் பல்லுச் சக்கரங்கள் தேய்ந்துவிட்டன என்று சொன்னார். அதுதான் அவர் கடைசியாக ஒழுங்காகச் சொன்ன செய்தி. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டார், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார், அதைப் போடக்கூட மறந்துபோய் இருந்தார்.

பம்ப் போனது, வண்டியை விற்க எனக்கு வாய்ப்பாகப் பட்டது என்பதை ஒளிக்கமாட்டேன். பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவரைப் பிடித்து, சனிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னேன். என் கணவரிடம் சொன்னபோது சண்டை வரும் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். சண்டை வரவில்லை.

"புதுப் பம்புக்குச் சொல்லியிருக்கிறன். புதன்கிழமை வரும். சனிக்கிழமை அந்தாள் வர முதல் கலப்பை தூக்கினால் வண்டி நிக்கட்டும். தூக்காட்டிக் குடுப்பம்" என்றார்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது" என்றேன்.

"நான் எப்ப மாறினனான்?" என்றார். அது உண்மைதான்.

பம்ப் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை காலை அவருக்கு வேலை அலுவலகத்தில் ஒரு சந்திப்பு, இங்கத்தைய பாஷையில் டெர்மின். வெள்ளிக்கிழமை பூட்டுவதாகத் திட்டம். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமித்தட்டுக்குப் போகாமல் பாவனைக்குப் போகாது. கார் எலுமிச்சம்பழம் நசித்தது, சோறு அவிக்கும் பானை பொட்டு வைத்தது, மகனுடைய மடிக்கணினிகூடத் திருநீறு பூசிக்கொண்டுதான் பல்கலைக்கழகம் போனது. பம்ப்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் முறை முறைதான். வியாழக்கிழமை அவர் போனதும் பெட்டியைப் பிரித்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் வைத்தேன்.

பூ வைக்கத்தான் இடமில்லை. எங்கே வைத்தாலும் வழுக்கி விழுந்தது. பம்பில் பெரிது ஒன்று, சிறிது ஒன்று என்று இரண்டு ஓட்டைகள், சிவப்புப் பிளாஸ்டிக் மூடிகளோடு இருந்தன. பெரிய மூடியைக் கழற்றி, தோட்டத்துச் செவ்வந்தி ஒன்றைக் காம்போடு குத்தினேன். அழகாக நின்றது. கற்பூரம் காட்டும்போது பார்த்தால் பூவைக் காணவில்லை, உள்ளே போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. சாமிக்கு வைத்த பூதானே, உள்ளே இருந்தால் இன்னும் நல்லது என்று மூடியைப் பழையபடி அமத்திவிட்டேன். எல்லாம் நல்லபடி நடக்கவேண்டும் என்று கும்பிட்டேன். எது நல்லபடி என்பதைப் பிள்ளையாரிடமே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் கொட்டிலில் நின்றார். பழைய எண்ணெயை வடித்து, இரண்டு குழாய்களையும் கழற்றி, நான்கு நட்டுகளைத் திருகிப் பழைய பம்பை எடுத்து, புதியதைப் பூட்டி, புது எண்ணெய் ஊற்றியிருக்கிறார். ஐந்து மணிக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"தூக்கேல்லை" என்றார். "ஒரு மாதிரிச் சீறுது. பழுதாகிப் போகும் எண்டு உடனை நிப்பாட்டிப் போட்டன்."

இடியப்பமும் சொதியும் வைத்தேன். பம்ப் அனுப்பியவனை நாலு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, யாருக்கோ பாடம் எடுப்பவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "பெரிய ஓட்டையாலை எண்ணெய் உள்ளுக்கை வரோணும். சின்ன ஓட்டையாலை அழுத்தத்தோடை வெளியிலை போகோணும். பெரிய ஓட்டையாலை ஒண்டும் வாற மாதிரித் தெரியேல்லை."

"எந்த ஓட்டை?" என்று கேட்டேன்.

"பெரிய ஓட்டை."

எனக்குச் சொதி புரையேறியது. அவர் தண்ணீர் எடுத்துத் தந்து, முதுகில் தட்டினார். "மெல்லச் சாப்பிடுமப்பா" என்றார்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. சாட்டுச் சொல்ல எனக்கா தெரியாது? பேசாமல் இருந்தால் பத்து மணிக்கு ஆள் வருவார், வண்டி போகும், பேச்சும் முடிந்துவிடும். நான் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. பிள்ளையாரே ஒழுங்கு செய்து தந்த காரியத்தில் நான் ஏன் தலையிடவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். சமையல் நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. அவருக்குச் சமையல் நிகழ்ச்சியைக் கண்ணில் காட்டக்கூடாது. மாற்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு அவர் எழும்பவில்லை. எங்கள் வீட்டில் அது நடந்ததே இல்லை. ஆறரைக்குத் தேநீரோடு போய்க் கட்டிலின் விளிம்பில் இருந்தேன்.

"இஞ்சருங்கோப்பா, அந்தப் பெரிய ஓட்டைக்குள்ளை ஒரு பூ கிடக்கு."

"என்ன பூ?"

"செவ்வந்தி."

தேநீரைக் கீழே வைத்தார். "கொம்பனிக்காரன் ஏன் செவ்வந்தி வைச்சு அனுப்புறான்?" என்று கேட்டார். பாவம், அவ்வளவு நல்ல மனிதர். சந்தனத்தைத் துடைத்த கையால் மூடியையும் கழற்றிப் பம்பைப் பூட்டியிருக்கிறார், உள்ளே பார்க்கவில்லை. மூடி போட்டு வந்த சாமானை ஏன் பார்க்கவேண்டும்? நடந்ததைச் சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டார். சொதி புரையேறியபோது என்றேன்.

அப்போதுதான் திட்டுவார் என்று பார்த்தேன். எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். "நீரும் வாரும். டோர்ச் பிடிக்க ஆள் வேணும்" என்றார்.

பம்பைத் திரும்பக் கழற்றினோம். நீண்ட மூக்குக் குறடால் பூவை இழுத்தெடுத்தார். காம்போடு, எண்ணெயில் குளித்துப் பளபளவென்று வந்தது. ஓர் இதழ்கூட உள்ளே நிற்கக்கூடாதென்று பழைய துணியில் வைத்து எண்ணினார், நானும் டோர்ச்சோடு எண்ணினேன். செவ்வந்தியில் எத்தனை இதழ் என்று உலகத்தில் யாருக்குத் தெரியும்? பிறகு பம்பை எண்ணெய் விட்டுக் கழுவிக் கழுவி ஊற்றினார். பூட்டி முடிக்க ஒன்பதே முக்கால். கிளப்பி, அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகுதான் கலப்பையைத் தூக்கும் நெம்புகோலைத் தொட்டார். வாங்க வந்தவர் அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டார். மூன்று பேருமாகப் பார்த்துக்கொண்டிருக்க, கலப்பை மண்ணை விட்டு எழும்பி, அப்படியே நின்றது.

வந்தவருக்கு ஆசை கூடிவிட்டது. சொன்ன விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். என் கணவர் என் பக்கம் திரும்பித் தமிழில், "பத்து மணிக்கு முதல் தூக்கேல்லைத்தானே. உமக்கு விருப்பமெண்டாக் குடுப்பம்" என்றார். சொல் மாறாத மனிதர். அந்தப் பிடிவாதத்தை அந்த நேரத்திலா காட்டவேண்டும்?

நான் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு, விற்பதாக இல்லை என்று சொன்னேன். அவர் போனபிறகு என் கணவர், "ஏன் அனுப்பினனீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் இதோடை கதைக்கேக்கை எனக்கு எரிச்சல்தான். ஆனா நீங்கள் ஒருத்தரோடையும் கதைக்காமல் இருக்கேக்கை எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு சொன்னார். தொழிற்சாலையின் கடைசி நாளில் பத்து மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மூன்று மணி வரைக்கும் சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் இருந்திருக்கிறார். பாண் பெட்டியை அங்கேயே திறந்து சாப்பிட்டிருக்கிறார். வழமையான நேரத்துக்கு வந்தால் நான் கவலைப்படமாட்டேன் என்று. அன்றைக்கு வந்ததும் நான் அவரிடம் குப்பை வாளியை வெளியே வைக்கச் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

"ஏனப்பா இவ்வளவு நாளும் என்னட்டைச் சொல்லேல்லை?"

அவர் டிராக்டரின் சேறு பிடித்த மட்கார்டைக் காட்டினார். "இதட்டைச் சொன்னனான்" என்றார்.

நான் அழுதேன். அழுதுகொண்டே அந்தக் கிழட்டு வண்டிக்கு ஒரு உதை விட்டேன். கால்தான் நொந்தது.