மைனி நேர்ந்துகொண்ட எட்டுக் கைகள்

போன சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஒரு பால்சுறா வந்து இறங்கியது. கூடவே என் மைனியும்.

மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், ஆனால் குரலுக்கு எந்த வலியும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் தீபாவளிச் சட்டை எடுக்கும்போது அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கலர் அனுப்பி ஒப்புதல் வாங்குகிற ஆள்.

பால்சுறாவும் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று இந்தக் குட்டிச் சுறாவைப் புட்டு செய்து கொடுப்பார்கள். எனக்கு வயது நாற்பத்து நாலு. என் சின்னவனே காலேஜுக்குப் போகிறான். எனக்கு எதற்குப் பால்சுறா?

அதைத்தான் கேட்டேன். மைனி பையைக் கீழே வைத்தார். என்னைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"எங்கிட்டயே மறைச்சிட்டியேளா கனி... நான் என்ன அந்நியமா?"

"மெதுவா மைனி... மெதுவா!" என்றேன். கட்டிப் பிடித்தது கொஞ்சம் வலித்தது. அதற்கும் அவர் இன்னும் சத்தமாக அழுதார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பத்தியில் நான் ஜிம் கதையாக எழுதித் தள்ளுவது உங்களுக்குத் தெரியும். நடுவில் சில வாரங்கள் பூச்செடி, பூனை, மின்வெட்டு என்று வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தேன். 'மேடம், டெட்லிஃப்ட் என்ன ஆச்சு?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் மூச்சு விடவில்லை. இப்போது விடுகிறேன்.

மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

ஆமாம். நோய் எதுவும் இல்லை. கட்டி இல்லை, டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை. வெயிட் தூக்க ஆரம்பித்து உடம்பு இறங்கியது. முதலில் எங்கே இறங்கும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோள் வந்தது, தொடை வந்தது, முதுகு நிமிர்ந்தது... ரவிக்கை மட்டும் காற்றாடியது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காகத் தோன்றியது. சம்பாதிக்கிறேன், செய்துகொண்டேன்.

'யாருக்காக?' என்று ஒரு கேள்வி வரும். தெரியும். என் வீட்டுக்காரர் மாதம் தவறாமல் மீசைக்கு டை அடிக்கிறார். அவரை இதுவரை யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா?

ஆபரேஷன் மதுரையில் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா கண்டிப்பானவர். முதலில் நடை மட்டும். அப்புறம் கால் பயிற்சி. கையைத் தலைக்கு மேலே தூக்குவது, தள்ளுவது எல்லாம் கடைசியில்தான். "நான் சொல்கிற வரைக்கும் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைப்பது நான்தான். வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடிக்கும், பையனுக்கு வேலையே பிடிக்காது. அதனால் கேன் தரையிலேயே கிடந்தது. ஒவ்வொரு முறை தாகம் எடுக்கும்போதும் ஆளுக்கொரு பக்கம் சாய்த்து, பாதித் தண்ணீரை டைல்ஸுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பயம். அழகை வாங்கப் போய்ப் பலத்தைத் தொலைத்துவிட்டேனோ? எத்தனையோ வியர்வை சிந்திச் சேர்த்தது... திரும்பி வராவிட்டால்?

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். சொந்தக்காரர்கள் விசாரித்தபோது பதற்றத்தில், "தோள்பட்டையில் ஜவ்வு கிழிஞ்சிட்டு, சின்ன ஆபரேஷன்" என்று சொல்லிவைத்தார்.

அவ்வளவுதான். தோள்பட்டைக்கு என்று இந்த ஜில்லாவில் இத்தனை வைத்தியம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். எதிர்வீட்டு அக்கா ஒரு தைலம். துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிளியரிங் ஆபீசில் ஆளுக்கொரு யூட்யூப் வீடியோ. அதற்கெல்லாம் சமாளித்துவிட்டேன். கடைசியில் மைனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். உடன்குடிப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு ஆசான் இருக்கிறாராம். கையைப் பிடித்து ஒரே இழுப்பு, ஜவ்வு தன்னால் உட்கார்ந்துவிடுமாம். ஆசானைக் காரில் ஏற்றிக்கொண்டு நாளைக்கே வருகிறேன் என்று தம்பிக்குப் போன்.

என் வீட்டுக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "வேண்டாம்க்கா! தோள்பட்டை இல்லக்கா... அது... மார்புலக்கா!" என்று உளறிவிட்டுப் போனை வைத்துவிட்டார். வைத்தவர் உடனே ஸ்விட்ச் ஆஃப் வேறு செய்தார்.

மார்பில் ஆபரேஷன். வீட்டில் மறைக்கிறார்கள். தம்பி போனை அணைத்துவிட்டான். மைனி என்னவென்று நினைத்திருப்பார்? நீங்களே நினைத்துப் பாருங்கள். முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏறுமுன் மார்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தையும் கடற்கரையில் வாங்கிக்கொண்டார். அதுதான் பால்சுறா.

அழுது முடித்து முகம் கழுவியதும் மைனி சட்டம் போட ஆரம்பித்தார். "ஏலே தம்பி, கேட்டுக்க. இனிமே இவ அந்த இரும்பத் தொடக் கூடாது. தூக்கித் தூக்கித்தான் உடம்பு கெட்டுப்போச்சு. ஜிம்மு கிம்முன்னு யாராவது பேசுனிய, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"சரிக்கா" என்றார் என் வீட்டுக்காரர். வேறென்ன சொல்வார்?

டாக்டரம்மா அந்த வாரம்தான் 'இனி மெதுவாகத் தொடங்கலாம்' என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஜிம்முக்குப் போவதாக ஸ்டெல்லாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஸ்டெல்லா எங்கள் கோச். வலையும் நைலான் கயிறும் விற்கிற கடையின் மாடியில் பெண்களுக்கு மட்டும் ஜிம் நடத்துகிறாள்.

சரி, ஒரு வாரம் பொறுத்து மைனி ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றினேன். அப்போதுதான் அடுத்த விஷயம் வெளியே வந்தது.

"நான் அம்மன்கிட்ட நேந்துட்டேன்ளா" என்றார் மைனி. "உனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. வார தசராவுக்கு நானே காளி வேஷம் கட்டுதேன்."

குலசை தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். குரங்கு, குறத்தி, போலீஸ் என்று என்னென்னவோ கட்டுவார்கள். ஆனால் காளி லேசுப்பட்ட வேஷம் இல்லை. சடைமுடி, பெரிய கிரீடம், முதுகில் வரிசையாகக் கட்டின எட்டுப் பொய்க் கைகள். அத்தனையும் தாங்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து காணிக்கை வாங்க வேண்டும். பெரும்பாலும் ஆண்கள்தான் கட்டுவார்கள்.

"நீங்களா மைனி? முழங்காலோட? அது ஆம்பளைங்க கட்டுறதுல்லா?"

"காளியே பொம்பளதானளா" என்றார்.

நான் சமையலறைக்குப் போய் நின்றேன். எனக்கு இல்லாத ஒரு நோய்க்காக இந்த மனுஷி தன் முழங்காலைப் பணயம் வைத்திருக்கிறார். வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றுவார். திறந்தால்? 'இதுக்குத்தானா அழுதேன்' என்று காறித் துப்பிவிட்டால்? குடும்பம் முழுக்க என்னை வைத்துச் சிரித்தால்? ஜிம்முக்கும் நிரந்தரமாகப் பூட்டு.

மைனி அவித்த சுறாவின் தோலை உரித்து உதிர்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார். என்ன கடை என்று இன்று வரை தெரியாது.

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், நிறுத்தினால் தொடர முடியாது என்பதால் நிறுத்தாமல் சொன்னேன்.

மைனியின் கை சுறாவிலேயே நின்றது.

"நோய் இல்லையா?"

"இல்ல மைனி."

"கட்டி கிட்டி...?"

"ஒண்ணும் இல்ல. நானா ஆசப்பட்டுச் செஞ்சது."

"சத்தியமா?"

"சத்தியமா."

மைனி கையைக் கழுவினார். மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "சவத்து மூதி" என்று ஆரம்பித்தார். "திருச்செந்தூர்ல ஆரம்பிச்சு காயப்பட்டினம் தாண்டுத வரைக்கும் அழுதுட்டு வாரேன். கண்டக்டரு பயந்துபோயி எனக்கு சோடா வாங்கிக் குடுக்காரு..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

"எங்க, நிமிந்து நில்லு" என்றார் பிறகு. கடைக்கு வந்த சரக்கைப் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. உறுத்தலையே?"

"இல்ல."

"அப்ப சரி. புட்டுக்கு உள்ளி நறுக்கு."

அவ்வளவுதான் விசாரணை. நான் இத்தனை வாரமாகப் பயந்து செத்தது இதற்காகவா?

சின்ன வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னேன். "நோய் இல்லாததுனால நேர்ச்சையும் இல்லதான மைனி?"

மைனி என்னை ஒரு மக்கு மாணவியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் அம்மன்கிட்ட என்ன கேட்டேன்? உனக்குக் கட்டி இருக்கக் கூடாதுன்னு கேட்டேன். இருக்கா?"

"இல்ல."

"கேட்டதக் குடுத்துட்டாளா இல்லையா? அப்ப நான் குடுக்க வேண்டாமா?"

இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று நானும் யோசித்துப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

"ஆனா முழங்கால் தாங்குமா மைனி? கிரீடம், எட்டுக் கை..."

"அதான் நீ போற எடம் இருக்குல்லா? அங்கன சொல்லித் தர மாட்டாளா அந்தப் பிள்ள?" என்றவர், வாசலில் அப்போதுதான் திரும்பி வந்த தம்பியைப் பார்த்து அடுத்த சட்டம் போட்டார். "ஏலே, திங்கக்கெழமலேருந்து நாங்க ரெண்டு பேரும் ஜிம்முக்குப் போறோம். ஊர்லேருந்து என் சேலை, துணிமணி எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லு. தசரா வரைக்கும் இங்கனதான்."

"சரிக்கா" என்றார் அவர். முகத்தில் ஈயாடவில்லை.

திங்கட்கிழமை. ஸ்டெல்லா எங்கள் ரெண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பைப்பைக் கொடுத்தாள். தண்ணீர்க் குழாய் போடுகிற அதே பைப். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் பிடிப்பது அதைத்தான்.

"ஸ்டெல்லா, நான் பழைய ஆளு" என்றேன் கௌரவமாக.

"ஆளு பழசுதாங்க்கா. உடம்பு புதுசுல்லா?" என்றாள். "பைப்ப பிடிங்க."

பிடித்தேன். உட்கார்ந்து எழுந்தேன். குனிந்து நிமிர்ந்தேன். பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைனியும். அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் முதல் பாடம். "சவத்து நாக்காலி!" என்று ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே எழுந்தார். திட்டினால் முழங்கால் வலி தெரியவில்லையாம்.

கடைசியில் ஸ்டெல்லா எனக்கு வெறும் பாரைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு எதுவும் மாட்டாத கம்பி. முன்பெல்லாம் இதைச் சும்மா ஓரமாகத் தள்ளி வைப்பதற்குத் தூக்கியிருக்கிறேன். அன்றைக்கு அதன் முன்னால் நின்று பிடியை ரெண்டு தடவை மாற்றினேன். மெதுவாக இழுத்தேன். மார்புக்குள் யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பது போல ஒரு உணர்வு.

"வலிக்கா?"

"வலி இல்ல... இறுக்கமா இருக்கு."

"இறுக்கம் பரவாயில்ல. வலிச்சா உடனே வச்சிரணும்."

வலிக்கவில்லை. கம்பி மேலே வந்தது. நான் முன்பு தூக்கியதில் கால்வாசிகூட இருக்காது. ஆனாலும் வந்தது! தொடை ஞாபகம் வைத்திருந்தது, முதுகு ஞாபகம் வைத்திருந்தது. நான்தான் என் உடம்பை நம்பாமல் இத்தனை நாள் பயந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். மெதுவாகத்தான் போவேன். டாக்டரம்மா சொன்ன வரிசையில்தான் போவேன். ஆனால் போவேன்.

'இதையெல்லாம் பத்தியில் எழுதட்டுமா?' என்று மைனியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுளா. என்னைய பச்சைப் பட்டுச் சேலைல இருந்த மாதிரி எழுது" என்றார். எழுதிவிட்டேன் மைனி. மேலே நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது பச்சைப் பட்டில்தான்.

அன்றைக்குக் கடைசிப் பயிற்சி, மைனி அந்தப் பைப்பைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். காதுக்கு மேலே போகவே இல்லை. "எட்டுக் கை கட்டப் போறேன்... இருக்க ரெண்டு கையே மேல போக மாட்டேங்கே!" என்று மாடி அதிரக் கத்தினார். ஜிம்மே சிரித்தது. கையைத் தலைக்கு மேலே தூக்க எனக்கும் இன்னும் உத்தரவு இல்லை. அதனால் ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். தசராவுக்குள் அவர் நடக்கத் தயாராக வேண்டும், நான் தூக்கத் தயாராக வேண்டும். தெருவில் பாரம் அழுத்தும்போது பின்னால் நின்று அந்தக் கைகளைத் தாங்கிப் பிடிக்கப் போவது நான்.

எட்டுக் கைகளைத் தாங்க இப்போதே எங்கள் நாலு கை சேர்ந்தாயிற்று.