சைலன்சர் இல்லாமல் பெண் பார்க்கப் போனது

போன வாரம் எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் இளகிவிடும் என்று புதுக்கோட்டைக் கடைவீதி முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். ஏதோ வேற்றூர்ப் பாஷை பேசியவனைப் போலப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் ஸ்பிரே டப்பா ஒன்றைக் கொடுத்தார். அடித்ததும் நட்டு கழன்றது, கூடவே எலுமிச்சம்பழ வாசனை வந்தது. துரு கழற்றுகிற இடத்தில் எலுமிச்சை மணந்தால் எனக்கு வேலை நடந்த மாதிரியே இருப்பதில்லை. எல்லாம் எங்கள் பழைய டீசல் கார் செய்த பழக்கம்.

அதை வாங்கியது என் மாமா. சலித்துப் போனதும் பெரிய மனசு பண்ணி எங்கள் தலையில் கட்டிவிட்டார். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில் அது நின்றது. நின்றது என்பதை அழுத்திப் படியுங்கள். இன்ஜினின் தலைமூடியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டு, ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜின் குடித்துக்கொண்டிருந்தது. அடியில் கோழிகள் முட்டையிட்டன. அந்த வகையில் பயனுள்ள வண்டிதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்குப் பெண் தேடினார்கள். தரகர் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருந்த ஒருவர் வீட்டில், "மாப்பிள்ளை சொந்தக் கார் வச்சிருக்காப்ள" என்று சொல்லிவிட்டு வந்தார். பொய் இல்லையே. ஓடுமா என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதாக ஞாபகமில்லை. இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கவில்லை. இது கைநழுவிப் போனால் என்ன ஆவேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

"வாடகைக் கார்ல போயிட்டு வந்துருவோம்த்தா" என்று ஆத்தாவிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்லிப் பார்த்தேன்.

"அதப் பாத்துட்டு, காருன்னு சொன்னதே பொய்யின்னு பேசவா? நம்ம வண்டியிலதான் போகணும்" என்றது ஆத்தா.

என்னோடு படித்த செல்லையா மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். காயலான் கடையில் இதே ரக வண்டியின் ஹெட் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டான். "ஹெட்ட மாத்துறது பெரிய வேலையில்லடா, புகைக் குழாயக் கழட்டுறதுதான் வேலை" என்றான். ஹெட்டின் விலாவில் புகையை வாங்கும் மேனிஃபோல்டு இருக்கும். அதன் அடியில் சைலன்சர் குழாயை நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். சூட்டிலும் மழையிலும் கிடந்து நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பாகியிருந்தன. காலையும் மாலையும் மண்ணெண்ணெய் ஊற்றினோம். வீட்டு ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்தது, என் கைபட்ட சோறெல்லாம் அந்த வாசனை அடித்தது, நட்டு மட்டும் மனம் இரங்கவில்லை.

"மேனிஃபோல்டோட சேத்து அப்புடியே தூக்கிருவோம்" என்று முடிவெடுத்தான் செல்லையா. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஹெட் லேசாக எழும்பியது. வண்டியின் பின்னால் சைலன்சரும் ஆடியது. மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்தால் வால் ஆடுமே, அப்படி. கடைசியில் ஆக்ஸா பிளேடால் குழாயை அறுத்துத்தான் ஹெட்டை வெளியே எடுத்தோம். மாற்று ஹெட் உட்கார்ந்து, இன்ஜினும் ஓடிவிட்டது. அறுத்த குழாயைத் தகரம் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கினான். "பொண்ணு பாத்துட்டு வந்து வெல்டு வச்சுக்கலாம். அதுவரைக்கும் தாங்கும்."

ஆத்தா, மாமா, நான் என்று மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் செல்லையாவையும் ஏற்றிக்கொண்டோம். சந்தனம், குங்குமம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம், எந்தக் குறையும் வைக்கவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். பின்னால் தடாரென்று ஏதோ விழுந்தது. அடுத்த நொடி இன்ஜின் அலறத் தொடங்கியது.

"நிப்பாட்டாத!" என்று ஆத்தா அதைவிடச் சத்தமாகக் கத்தியது. "நல்ல காரியத்துக்குக் கெளம்புன வண்டி நடுவழியில நிக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது."

"சைலன்சர் ரோட்டுல கெடக்குத்தா!"

"கெடந்துட்டுப் போகுது. அதுவா வந்து பொண்ணு பாக்கப் போகுது?"

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வழியெல்லாம் ஆடுகள் சிதறின, பஸ்ஸுக்கு நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். பெண் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

"சத்தம் பலமா இருக்குங்களே?" என்றார் பெண்ணின் அப்பா.

செல்லையா முந்திக்கொண்டான். "ஹெட்டு மாத்தியிருக்கோம்ல, அப்புடித்தாங்க இருக்கும்." பிறகு பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

சம்மதம் என்று உள்ளேயிருந்து தகவல் வந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. எப்படிச் சம்மதித்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமே கேட்டேன். "கார்ல வாராங்கன்னாங்க. பாத்தா டிராக்டர் சத்தம் கேட்டுச்சு. ரெண்டும் இருக்கு போலன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

பிறகு வேறு சைலன்சர் போட்டு வெல்டு வைத்தோம். ஆனாலும் ஒட்டின இடத்தில் ஒரு கரகரப்பு கடைசிவரை போகவில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே இவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். அதே மாதிரி வண்டிகள் அந்தத் தெருவில் இன்னும் சில ஓடின. ஒருநாளும் ஏமாந்ததில்லை.

காரும் காயலான் கடைக்கே போனது. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. கோழிகள்தான் வருந்தியிருக்கும். போனது கார் மட்டும்தான் என்றால் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கொஞ்ச வருடங்களாக இவளுக்குக் காது கேட்பதில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். இரைச்சலைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டவள் சொல்கிறாள். வெளியே போய்விட்டு வந்தால், இப்போதெல்லாம் நான் சமையல்கட்டு வாசலில், அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொள்கிறேன். தற்செயலாகத் திரும்புகிறவள் திடுக்கிட்டு, "எப்ப வந்தீங்க?" என்கிறாள்.